29-க்கு 21: ஹாரல்ட் வாஷிங்டன் ஆண்ட சிகாகோ

1948-ஆம் ஆண்டு. சிகாகோவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஏப்னர் மிக்வா என்ற இளைஞர், தேர்தல் நேரமாயிற்றே, நாமும் ஏதாவது வேலை செய்வோம் என்று டெமாக்ரடிக் கட்சியின் வார்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார். அங்கே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் கேட்ட முதல் கேள்வி: "உன்னை யார் அனுப்பினார்கள்?" யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றார் மிக்வா. "யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம்" என்று பதில் வந்தது. பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கூட்டாட்சி நீதிபதியாகவும் உயர்ந்த மிக்வா, இந்தக் கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாரல்ட் வாஷிங்டனைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் அவர். ஆனால் அவருடைய கதையை "முதல் கறுப்பின மேயர்" என்ற ஒரு வரியில் அடைத்துவிட்டால் பாதி விஷயம் கைவிட்டுப் போய்விடும். மீதிப் பாதி, தேர்தலில் ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் மூன்று ஆண்டுகள் ஒருவரால் ஆள முடியாமல் போனது எப்படி என்பது.

சிகாகோவில் 50 வார்டுகள். வார்டுக்கு ஒரு நகரமன்ற உறுப்பினர். அவர்கள் ஊர் வழக்கில் ஆல்டர்மன், நமக்குப் பழகிய சொல்லில் கவுன்சிலர். அதே வார்டில் கட்சிக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளர் உண்டு. நம் வட்டச் செயலாளரை நினைத்துக்கொள்ளலாம். பல வார்டுகளில் இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருக்கும். அவருக்குக் கீழே வாக்குச்சாவடிக்கு ஒரு கேப்டன். கேப்டனுக்குத் தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டுக் குப்பை அள்ளவில்லை என்பதெல்லாம் அத்துப்படி. வேலை வாங்கித் தருவார், குப்பையை அள்ளவைப்பார், தேர்தலன்று ஓட்டை எண்ணி ஒப்படைப்பார். எண்ணிக்கை குறைந்தால் அவருடைய நகராட்சி வேலையும் போய்விடும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'மெஷின்'.

அதை உச்சத்தில் ஓட்டியவர் ரிச்சர்ட் ஜே. டேலி. 1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும்வரை 21 ஆண்டுகள் அவர்தான் மேயர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நகரச் சட்டத்தைப் பிரித்துப் படித்தால் சிகாகோ மேயர் அப்படியொன்றும் பலசாலி இல்லை. பட்ஜெட், நியமனம், தெருவிளக்குவரை எல்லாவற்றுக்கும் நகரமன்றம் கையெழுத்துப் போட வேண்டும். டேலி சர்வவல்லமை பெற்றவராகத் தெரிந்ததற்குக் காரணம், மேயர் பதவியோடு, சிகாகோ அடங்கிய மாவட்டமான குக் கவுண்டியின் டெமாக்ரடிக் கட்சித் தலைவர் பதவியையும் அவரே வைத்திருந்தார். கவுன்சிலர்கள் கை தூக்கியது கட்சித் தலைவருக்காக. பார்ப்பவர்களுக்கு அது மேயரின் அதிகாரம்போலத் தெரிந்தது.

ஹாரல்ட் இந்த மெஷினுக்குள்ளேயே பிறந்தவர் என்றால் மிகையில்லை. 1922 ஏப்ரல் 15 அன்று சிகாகோவில் பிறந்தார். அப்பா ராய் வாஷிங்டன் வழக்கறிஞர், மெதடிஸ்ட் போதகர், தெற்குப் பக்கத்து மூன்றாவது வார்டில் வாக்குச்சாவடி கேப்டன், எல்லாம் ஒருசேர. பெற்றோர் பிரிந்தபின் பையன் அப்பாவிடமே வளர்ந்தான். வீட்டுக்குள்ளேயே கட்சி இருந்தது. டூசேபிள் உயர்நிலைப் பள்ளியில் தடைதாண்டும் ஓட்டக்காரர். படிப்பை முடிக்காமல் இடையில் நின்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து, பசிபிக் தீவுகளில் விமானத் தளங்கள் அமைக்கும் பிரிவில் வேலை செய்தார். திரும்பி வந்ததும் புதிதாகத் தொடங்கியிருந்த ரூஸ்வெல்ட் கல்லூரி. இன வேறுபாடு பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. அங்கே மாணவர் தலைவராகவும் ஆனார். பிறகு நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி. 1952-இல் பட்டம். அவருடைய வகுப்பில் வேறு கறுப்பின மாணவர் யாரும் இல்லை.

1953-இல் அப்பா இறந்தார். அப்பா பார்த்த கேப்டன் வேலை மகனுக்கு வந்தது. மூன்றாவது வார்டின் பெரிய தலை அப்போது ரால்ப் மெட்காஃப். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்தபடியாக ஓடி வந்து 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். அவருக்குக் கீழே ஹாரல்ட் வார்டு இளைஞர்களைத் திரட்டினார். நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு வேலையும் கிடைத்தது. ஆக, "யார் அனுப்பினார்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு பெயர் இருந்தது. அவரைப் புரட்சிக்காரராகவே வரைய விரும்பும் அபிமானிகள் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ அவருடைய வாழ்க்கையில் இதுதான் முக்கியமான பாடசாலையாகப் படுகிறது. ஓட்டு எப்படிச் சேர்கிறது, கவுன்சிலர் எதற்குப் பணிவார், எதற்கு மசியமாட்டார் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை அவருக்கு.

1965-இல் சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலத்தின் சட்டமன்றத்துக்குள் போனார். கட்சி கேட்டபோதெல்லாம் கை தூக்கினார். சில நேரம் தூக்கவில்லை. போலீஸ் அத்துமீறல்களைப் பற்றியும் கறுப்பினத்தவரின் வேலைவாய்ப்பைப் பற்றியும் வாய் திறக்கத் தொடங்கியபோது தலைமைக்கு எரிச்சல் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை அரசு விடுமுறையாக்கும் மசோதாவை விடாமல் தள்ளிக்கொண்டே போனவர் அவர்தான். 1973-இல் இல்லினாய் அதைச் சட்டமாக்கியது.

இடையில் ஒரு கறை. நான்கு ஆண்டுகளுக்கு வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டார். பாக்கியிருந்த தொகை சில நூறு டாலர்தான். ஆனாலும் வழக்கு வந்தது. 40 நாள் தண்டனையில் 36 நாள் 1972-இல் உள்ளே இருந்தார். வழக்கறிஞர் உரிமமும் சில காலம் போயிற்று. அவ்வளவு கெட்டிக்காரர் ஏன் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பவில்லை என்பதற்கு உருப்படியான பதில் எதையும் அவரும் சொன்னதில்லை. பின்னாளில் எதிரிகள் இதைத்தான் திரும்பத் திரும்பத் தோண்டினார்கள். தோண்டும்படி வைத்துக்கொண்டவரும் அவரே.

டேலி இறந்ததும் 1977-இல் நடந்த இடைத்தேர்தலில் மேயர் வேட்பாளர் தேர்வுக்கு நின்று, பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான் வாக்கு வாங்கினார். தோற்றதில் ஒரு லாபம் இருந்தது: மெஷினோடு இருந்த கடைசி நூலும் அறுந்தது. 1980-இல் கட்சி ஆதரித்தவரை வீழ்த்தி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். வாஷிங்டன் நகரம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. மேயராக வேண்டும் என்று கறுப்பின அமைப்புகள் வந்து கேட்டபோது அவர் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் கேட்டார்கள்? அதற்கு 1979-இன் பனியைச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் சிகாகோவை மூடிய பனிப்புயலில் டேலிக்குப் பின் வந்த மைக்கேல் பிலாண்டிக்கின் நிர்வாகம் தடுமாறியது. புறநகர்ப் பயணிகளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் ரயில்கள் நிலையங்களில் நிற்காமல் ஓடின. கொட்டும் குளிரில் மேடையில் நின்று, தன் கண்ணெதிரே ரயில் கடந்து போவதைப் பார்த்தவர்கள் அடுத்த மாதம் ஓட்டுச்சாவடியில் ஞாபகம் வைத்திருந்தார்கள். பிலாண்டிக் தோற்றார். ஜேன் பர்ன் நகரத்தின் முதல் பெண் மேயரானார்.

பர்ன் தன்னை ஏற்றிவிட்டவர்களை மறந்தார். அரசுக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வாரியத்தில், அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருக்க, 1982-இல் கறுப்பின உறுப்பினர்களை நீக்கி வெள்ளையர்களை அமர்த்தினார். வீதியில் கோபம் எழுந்தது. அவர் நடத்திய கோடைக்கால இசைவிழாவை, கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அழைப்பில் மக்கள் புறக்கணித்தார்கள். சரி, நீங்கள் நில்லுங்கள் என்று ஹாரல்டிடம் போனவர்களுக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் ஐம்பதாயிரம் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம். வாக்குச்சாவடி கேப்டனின் மூளை இது. தலைமுடிப் பராமரிப்புப் பொருள்கள் தயாரித்துப் பணக்காரரான எட் கார்ட்னர் விளம்பரச் செலவை ஏற்றார். தேவாலயங்கள், நலத்திட்ட அலுவலகங்களின் வரிசைகள், வேலையில்லாதோர் பதிவு மையங்கள் என்று எங்கே கூட்டமோ அங்கே மேசை போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள் சேர்ந்தன. தப்பிக்க வழியில்லை, நின்றார்.

1983 பிப்ரவரி 22. டெமாக்ரடிக் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில் மூன்று பேர்: மேயர் பர்ன், டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, ஹாரல்ட். தொலைக்காட்சி விவாதங்களில்தான் நகரம் அவரை முதன்முதலில் சரியாகப் பார்த்தது. கனத்த குரல், வாய் நிறையச் சிரிப்பு, யாரும் எதிர்பாராத இடத்தில் வந்து விழும் பழைய பெரிய சொற்கள். வெள்ளையர் வாக்குகள் பர்னுக்கும் டேலிக்கும் இடையில் பிளந்தன. கட்சியின் கவுண்டித் தலைவர் எட்வர்ட் வெர்டோலியாக், இது இன விஷயம், உங்கள் பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று தொண்டர்களிடம் பேசியது கடைசி நாள்களில் செய்தியாக வெளியே வந்து, பர்னுக்கே பாதகமாக முடிந்தது. ஹாரல்டுக்கு 36 சதவீதம், பர்னுக்கு 34, டேலிக்கு 30.

சிகாகோவில் அந்தக் காலத்தில் டெமாக்ரடிக் வேட்பாளரானால் மேயரானது மாதிரிதான். 1979 பொதுத் தேர்தலில் பர்ன் வாங்கியது 82 சதவீதம். ரிபப்ளிகன் வேட்பாளர் சும்மா பெயருக்கு நிற்பார். இந்த முறை அப்படிப் பெயருக்கு நின்றவர் பெர்னார்ட் எப்டன். கிங் கொல்லப்பட்டபின் மெம்ஃபிஸ் ஊர்வலத்துக்குப் போய்வந்த மிதவாதி. ஆறே வாரத்தில் அவர் நகரத்து வெள்ளையரின் வேட்பாளராகிவிட்டார். "எப்டன், காலம் கடப்பதற்குள்" என்பது அவருடைய விளம்பர வாசகம். எதற்குக் காலம் கடப்பதற்குள் என்று யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. டெமாக்ரடிக் வட்டப் பொறுப்பாளர்கள் பலர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ சொந்தக் கட்சி வேட்பாளருக்கு எதிராக வேலை செய்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று முன்னாள் துணை ஜனாதிபதி வால்டர் மாண்டேலும் ஹாரல்டும் வடமேற்குப் பக்கத்து செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்குப் போனார்கள். வாசலில் கூட்டம் கத்தித் தீர்த்தது. கோவில் கதவில் இனவெறி வாசகம் கிறுக்கப்பட்டிருந்தது. அந்தக் காட்சி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. ஏரிக்கரையோரம் வாழும் படித்த வெள்ளையர்களில் கொஞ்சம் பேரின் மனத்தை அது திருப்பியது என்று பலரும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 12 அன்று பதிவான வாக்குகள் 82 சதவீதம். ஹாரல்டுக்கு 6,68,176, எப்டனுக்கு 6,19,926. 48 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். கறுப்பினத்தவர் வாக்குகள் கிட்டத்தட்ட முழுதாக விழுந்தன. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களின் வாக்குகளில் பெரும்பகுதியும் அவருக்கே. வெள்ளையர்களில் ஐந்தில் ஒருவர்கூட அவருக்குப் போடவில்லை.

இதுவரை நடந்தது வழக்கமான வெற்றிக்கதை. மே 2, 1983 அன்று நடந்தது வேறு. புதிய நகரமன்றத்தின் முதல் கூட்டம். வெர்டோலியாக்கிடம் 29 கவுன்சிலர்கள். அவர்களில் ஒருவர் தவிர எல்லாரும் வெள்ளையர். மேயரிடம் 21: பதினாறு கறுப்பினத்தவர், ஐந்து வெள்ளையர். எண்ணிக்கை தனக்கு எதிராக இருப்பது மேயருக்குத் தெரியும். கூட்டத்தைத் திறந்தார், ஒத்திவைப்புத் தீர்மானத்தைக் குரல் வாக்கில் நிறைவேற்றியதாக அறிவித்தார், சுத்தியலைத் தட்டிவிட்டுத் தன் ஆட்களோடு வெளியே நடந்தார். வெர்டோலியாக் எழுந்துபோய் அதே மேடையில் நின்றார். மீதமிருந்த 29 பேர் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்த இடத்திலேயே எல்லாக் குழுக்களுக்கும் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். காசைக் கையாளும் நிதிக் குழு 14-ஆவது வார்டு எட்வர்ட் பர்க்கிடம் போயிற்று. வெளிநடப்பு செய்திருக்கக் கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். உள்ளேயே இருந்திருந்தாலும் 29, 29-தான். வழக்குப் போட்டார், நீதிமன்றமும் 29 பேர் பக்கமே நின்றது.

இங்கே கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சட்டம் நிறைவேற 26 ஓட்டு போதும், எதிரிகளிடம் 29. மேயர் அதை வீட்டோ செய்யலாம். வீட்டோவை முறியடிக்க 34 ஓட்டு வேண்டும். அது எதிரிகளிடம் இல்லை. அதாவது அவர்கள் நினைத்ததை மேயர் நிறுத்தலாம், மேயர் நினைத்ததை அவர்கள் நிறுத்தலாம். யாராலும் எதையும் நடத்த முடியாது. மேயர் அனுப்பிய நியமனங்கள் குழுக்களில் மாதக்கணக்காக, சில ஆண்டுக்கணக்காக, தூசி படிந்து கிடந்தன. பட்ஜெட் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசிவரை இழுபறி. மேயரும் கவுன்சிலரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவது மாலைச் செய்திகளில் தொடர்போல ஓடியது. உள்ளூர் நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் இதற்கு, 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிப் படத்தை நினைவூட்டும் வகையில், 'கவுன்சில் வார்ஸ்' என்று பெயர் வைத்தார். நியூயார்க்கின் வணிக நாளிதழ், அப்போது உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நகரத்தை நினைத்து, 'ஏரிக்கரை பெய்ரூட்' என்று எழுதியது.

இதை வெறும் இனச் சண்டை என்று சொல்லிவிடலாம். இனம் அதில் நடுநாயகமாக இருந்ததும் உண்மை. ஆனால் 29 பேரும் காப்பாற்ற நினைத்தது வேறு ஒன்றும் இருந்தது. கட்சி சிபாரிசில் நகராட்சி வேலை கொடுப்பதற்கு எதிராக மைக்கேல் ஷக்மன் என்ற வழக்கறிஞர் 1969-இலேயே வழக்குப் போட்டிருந்தார். முந்தைய மேயர்கள் அதை இழுத்தடித்தார்கள். ஹாரல்ட் பதவிக்கு வந்த 1983-லேயே, அரசியல் காரணத்துக்காக ஆள் எடுப்பதில்லை என்று நீதிமன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வேலை கொடுக்க முடியாத கவுன்சிலருக்கு வார்டில் என்ன மரியாதை? சிபாரிசு செத்துவிட்டதா என்று பார்க்க அதன் கல்லறைக்கே போய், சுற்றி வந்து, மேலே ஏறிக் குதித்து, "உயிரோடு இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்த்ததாகவும் பதில் வரவில்லை என்றும் ஒரு மேடையில் நடித்தே காட்டினார் ஹாரல்ட். கூட்டம் சிரித்தது. வார்டு அலுவலகங்களில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவருடைய ஆதரவாளர்களிலும், இத்தனை நாள் வெள்ளையர்கள் சாப்பிட்ட பந்தியில் நம் முறை வரும்போது இலையை எடுக்கிறாரே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

நகரமன்றம் பூட்டிக்கிடந்ததால் அவர் பேனாவை எடுத்தார். மன்ற ஒப்புதல் தேவைப்படாத நிர்வாக உத்தரவுகளில் தொடக்கத்திலேயே வந்தது, நகராட்சி ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்பது. அதுவரை எந்தக் காண்டிராக்ட் யாருக்கு என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். காவல்துறைத் தலைவராக ஃப்ரெட் ரைஸை நியமித்தார். அந்தப் பதவியை நிரந்தரமாக ஏற்ற முதல் கறுப்பினத்தவர். 1985 மார்ச்சில், நகராட்சி ஊழியர்கள் யாரிடமும் குடியுரிமை நிலையைக் கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டார். குடியேறிகள் விவகாரத்தில் சிகாகோவுக்கும் மத்திய அரசுக்கும் இன்றுவரை நடக்கும் சண்டையின் வேர் அந்த ஒரு காகிதத்தில் இருக்கிறது.

தெருக்களையும் நடைபாதைகளையும் சீர்செய்யக் கடன் பத்திரம் வெளியிடும் திட்டத்தை 29 பேர் முடக்கியபோது அவர் செய்தது பழைய கேப்டன் வேலை. எதிரிகளின் வார்டுகளுக்கே போனார். உங்கள் தெருவுக்கும் இதில் பணம் இருக்கிறது, உங்கள் கவுன்சிலர்தான் வேண்டாம் என்கிறார் என்று அங்கே உள்ளவர்களிடம் சொன்னார். தனக்கு ஓட்டுப் போடாத தெருக்களில், வீட்டு வாசல் குழியைக் காட்டிப் பேசினார். கவுன்சிலர்களுக்கு வீட்டிலிருந்தே நெருக்கடி வந்தது, திட்டம் நிறைவேறியது. வெள்ளையர் வார்டுகளில் அவருக்கு எதிராக வாக்களித்தவர்கள்கூட, போட்டுக் கொடுத்த நடைபாதையைக் குறை சொல்லவில்லை.

முட்டுக்கட்டையை உடைத்தது கடைசியில் ஒரு வரைபடம். 1980 மக்கள்தொகைக் கணக்கின்படி நகரத்தில் கறுப்பினத்தவர் 40 சதவீத அளவில், லத்தீனோக்கள் 14 சதவீதம். பர்ன் காலத்தில் வரைந்த வார்டு எல்லைகள் இரண்டு தரப்பையும் வெட்டித் துண்டாக்கி, அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடங்களைக் குறைத்துவிட்டதாக வழக்கு. மேல்முறையீட்டில் அது உண்மைதான் என்று தீர்ந்து, ஏழு வார்டுகளில் எல்லையை மாற்றி 1986 மார்ச் 18 அன்று சிறப்புத் தேர்தல் வைக்க உத்தரவானது. மேயர் பக்கத்துக்கு நான்கு இடங்கள் கூட வேண்டும். சமமாகிவிட்டால் முடிச்சை அவிழ்க்கும் ஓட்டு மேயருடையது.

மார்ச்சில் இரண்டு கிடைத்தன. அதில் ஒருவர் 22-ஆவது வார்டின் ஹேசுஸ் கார்சியா. பின்னாளில் நாடாளுமன்றம்வரை போனவர். மீதி இரண்டும் ஏப்ரல் 29 மறுதேர்தலுக்குப் போயின. எல்லார் கண்ணும் 26-ஆவது வார்டில். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் நிறைந்த அந்த வார்டில் மேயரின் ஆள் லூயிஸ் குட்டியேரெஸ், வெர்டோலியாக் தரப்பில் மானுவல் டோரெஸ். மூன்று லட்சம் பேர் இருக்கும் ஊர் இல்லை, ஒரே ஒரு வார்டு. ஆனால் முப்பது லட்சம் பேர் வாழும் நகரத்தின் ஆட்சி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. மேயரே வீதி வீதியாக வந்தார். குட்டியேரெஸ் வென்றார். 15-ஆவது வார்டும் கிடைத்தது. 25-க்கு 25. தூசி படிந்திருந்த நியமனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெள்ளையர் பகுதிகளுக்கு மட்டும் நல்ல பூங்காக்கள் என்று மத்திய நீதித்துறையே குற்றம் சாட்டியிருந்த பூங்கா வாரியம் உட்பட, மெஷினின் கோட்டைகள் கைமாறின.

எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. மத்தியப் புலனாய்வுத் துறை ஓர் உளவாளியை வைத்து விரித்த வலையில் சிக்கிய கவுன்சிலர்களில் மேயரின் ஆதரவாளர்களும் இருந்தார்கள். அவருக்கு நெருக்கமான ஓர் உதவியாளரும் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். ஹாரல்ட் நேரடியாகக் காசு வாங்கினார் என்று எதிரிகளாலும் சொல்ல முடியவில்லை. ஆள் பார்ப்பதில் கோட்டை விட்டார் என்று சொல்ல முடிந்தது.

1987-இல் மீண்டும் தேர்தல். முதற்கட்டத்தில் பர்னைத் தோற்கடித்தார்; பொதுத் தேர்தலில் தனிக் கட்சியில் நின்ற வெர்டோலியாக்கையே நேருக்கு நேர் வீழ்த்தினார். இந்த முறை நகரமன்றத்திலும் தெளிவான பெரும்பான்மை. வெர்டோலியாக் அதே ஆண்டு ரிபப்ளிகன் கட்சிக்குத் தாவினார். இன்னும் இருபது வருஷம் நான்தான் மேயர் என்று ஹாரல்ட் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். இலையுதிர்காலத்தில் ஆசிரியர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொதித்துப்போன பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் தொழிலதிபர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பள்ளிச் சீர்திருத்தம் பேசத் தொடங்கினார்.

நவம்பர் 25, புதன்கிழமை. மறுநாள் நன்றி நவிலும் பண்டிகை. அரசுக் குடியிருப்பு ஒன்றின் அடிக்கல் விழாவுக்குப் போய்விட்டுக் காலை பதினோரு மணி வாக்கில் நகரமன்றக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் தன் மேசைக்குத் திரும்பினார். எதிரே செய்திச் செயலர் ஆல்டன் மில்லர் பள்ளி வாரியம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மேயரின் தலை மேசைப் பக்கம் சாய்ந்தது. கீழே விழுந்த எதையோ குனிந்து எடுக்கிறார் என்று நினைத்தார் மில்லர். நிமிரவே இல்லை. பிற்பகல் 1.36-க்கு மருத்துவமனையில் மரணம் அறிவிக்கப்பட்டது. வயது 65. எடை 284 பவுண்டு, அதாவது 130 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சிகரெட்டை விட்டிருந்தார், சாப்பாட்டை விடவில்லை. நகரமன்றத்தில் உடலை வைத்தபோது இரவெல்லாம் குளிரில் வரிசை நின்றது.

வாரிசு என்று யாரையும் அவர் காட்டிவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் டேவிட் ஆர் என்ற கவுன்சிலர் இடைக்கால மேயராக இருந்தார். சட்டப்படி அடுத்த மேயரை நகரமன்றமே தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பர் 1 இரவு கூடினார்கள். ஹாரல்டின் சபைத் தலைவராக இருந்த டிமதி எவன்ஸ் ஒரு பக்கம். மறுபக்கம் ஆறாவது வார்டின் யூஜீன் சாயர். அவரும் ஹாரல்டின் 21-இல் ஒருவர், அவரும் கறுப்பினத்தவர், சாது. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய 29. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் விலைபோகாதே என்று கத்தினார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து டாலர் நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். சாயருக்கு மனம் பதறியது. பின்வாங்கலாமா என்று மணிக்கணக்காகத் தயங்கினார். கூட்டத்தை நடத்து என்று கவுன்சிலர் ஒருவர் மேசை மேல் ஏறி நின்று கத்தினார். எல்லாம் தொலைக்காட்சியில் நேரலை.

விடியற்காலை நான்கு மணி வாக்கில் பெயர் சொல்லி ஓட்டு எடுத்தார்கள். எவன்ஸுக்கு 19. சாயருக்கு 29.